புரட்டாசியில் எடுத்த கணக்கு

என் ஆய்வுக் கட்டுரையை மூன்று நிபுணர்கள் ஏழு மாதம் வைத்திருந்து படித்தார்கள். ஒருவர் இரண்டாம் அட்டவணையில் ஒரு புள்ளி தள்ளிப் போயிருக்கிறது என்றார். இன்னொருவர் முன்னுரை நீளம் என்றார். மூன்றாமவர் தான் எழுதிய நான்கு கட்டுரைகளை மேற்கோள் காட்டினால் நன்றாக இருக்கும் என்றார். காட்டினேன். கட்டுரையின் அடிவயிற்றிலேயே ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதை இந்த மூவரும் பார்க்கவில்லை. பார்த்தவர் பிரிக்பீல்ட்ஸில் நான் வழக்கமாகக் கோழி வாங்கும் கடைக்காரர், அதுவும் கோழி வெட்டிக்கொண்டே.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு தமிழ் நாளிதழில் என் ஆய்வைப் பற்றிப் படத்தோடு செய்தி வந்திருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்கள் வேகமாகச் சைவ உணவுக்கு மாறி வருகிறார்கள் என்பது தலைப்பு. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, நான் இருக்கும் எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பியிருந்தேன். நான் இல்லாத குழுக்களுக்கும் மனைவி மூலமாக அனுப்ப முயன்றேன், அவள் மறுத்துவிட்டாள். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கத்தியை ஓரமாக வைத்தார்.

“சார், பேப்பர்ல வந்தது நீங்கதானே? நம்ம ஆளுங்க எல்லாம் சைவத்துக்கு மாறிட்டாங்கன்னு?”

“ஆமாண்ணே, நான்தான்” என்று கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.

“இல்ல சார், எனக்கு பிஸ்னஸ் எப்பவும் போலத்தான் ஓடுது. அதான் கேக்குறேன். எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?”

“கிள்ளான், பந்திங், அம்பாங் மூணு எடத்துலயும் வீடு வீடா போய்க் கேட்டோம். போன ஏழு நாள்ல என்ன சாப்பிட்டீங்கன்னு ஒரு லிஸ்ட் வச்சு ஒவ்வொண்ணா கேட்டோம்.”

“எந்த மாசம் சார் போனீங்க?”

“செப்டம்பர் பாதியில ஆரம்பிச்சு அக்டோபர் பாதி வரைக்கும்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தராசில் கிடந்த என் இரண்டு கிலோ கோழியைப் பார்த்தார். “அது புரட்டாசி இல்ல சார்? அந்த மாசம் கோழி வாங்க ஆளே வராதுன்னு நான் கடையப் பூட்டிட்டுக் குடும்பத்தோட கேமரன் மலைக்குப் போயிடுவேன்லா.”

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு ஆன்டி “ஐயோ சார்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதில் இருந்த இரக்கத்தை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். கடைக்காரர் மறுபடி கத்தியை எடுத்து, துண்டு சின்னதாகவா பெரியதாகவா என்று கேட்டார். எது வேண்டுமானாலும் என்றேன்.

புரட்டாசி வந்தால் இங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டிலேயே அந்த மாதம் முழுக்கச் சைவம்தான். மனைவி முதல் நாளே குளிர்பெட்டியைக் கழுவித் துடைத்துவிடுவாள். சீனர் கடையில் சோயாவில் செய்த சைவ மட்டன் வாங்கி வந்து, அசல் மட்டனுக்குப் போடும் அத்தனை மசாலாவையும் அதற்குப் போட்டு வைப்பாள். நானும் அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஆய்வுக்குக் கிளம்பினேன். நெற்றியில் நாமம் போடாத குறை. கிள்ளானில் ஒரு வீட்டுப் படியேறி, “போன வாரம் ஆட்டிறைச்சி சாப்பிட்டீங்களா?” என்று கேட்பேன். அந்த அம்மா “இல்லீங்க” என்பார். நான் பூஜ்யம் போடுவேன். எனக்கும் அந்த வாரம் பூஜ்யம்தான் என்பது என் மூளையில் உறைக்கவே இல்லை.

இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. அந்த மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சைவ உணவகத்துக்குக் குடும்பத்தோடு போனோம். உள்ளே இடமில்லை, வாசலில் முக்கால் மணி நேரம் நின்றோம். மற்றவர்கள் பசியில் எரிச்சலாக நிற்க, நான் மட்டும் ஆராய்ச்சியாளனுக்கே உரிய கூர்மையோடு அந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பூரித்துப்போனேன். சைவ உணவகங்களுக்கு வரும் கூட்டம் கண்கூடாகப் பெருகியிருப்பது எங்கள் முடிவுகளோடு ஒத்துப்போகிறது என்று ஒரு வரியைக் கட்டுரையிலும் சேர்த்தேன். வாசலில் தொங்கிய ‘புரட்டாசி சிறப்புச் சாப்பாடு’ என்ற பதாகைக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தேன்.

கட்டுரையை எழுதியவர்கள் இரண்டு பேர். இரண்டாமவரைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் நிஜமாக அடிபட்டவர் அவர்தான். கிள்ளானில் ஒரு கிளினிக்கில் உணவு ஆலோசகராக இருக்கிறார். என்னைவிட நான்கு வயது மூத்த பெண்மணி. ரயில்வேயில் வேலை பார்த்த மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பத்திலிருந்து வந்தவர். பகல் முழுக்க நோயாளிகளிடம் சோற்றைக் குறையுங்கள் என்று மன்றாடிவிட்டு, மிச்ச நேரத்தில் என்னிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஆறு வருடப் படிப்பு. ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று, வாய்மொழித் தேர்வுக்கு நாளும் குறித்தாயிற்று. தேர்வுக்கு உட்காரும் முன் மாணவர் பெயரில் ஒரு கட்டுரையாவது ஆய்விதழில் வந்திருக்க வேண்டும் என்பது எங்கள் பல்கலைக்கழகத்தின் விதி. அவர் பெயரில் வந்திருந்த ஒரே கட்டுரை இதுதான். இது போனால் அவருடைய பட்டமும் அந்தரத்தில் தொங்கும்.

கோழியோடு வீட்டுக்கு வந்ததும் மின்னஞ்சலைத் திறந்து பழைய கடிதங்களைத் தேடினேன். எங்கேயோ இருக்கிறது என்று வயிற்றுக்குத் தெரிந்திருந்தது. இருந்தது. ஜூன் மாதம் தொடங்க வேண்டிய கணக்கெடுப்பு, அனுமதிக் கடிதம் தாமதமானதால் செப்டம்பருக்குத் தள்ளிப்போனபோது நான் புதுத் தேதிகளை அனுப்பியிருந்தேன். அதற்கு அவர் ஒரே நாளில் பதில் போட்டிருந்தார். சார், இந்தத் தேதிகள் அப்படியே புரட்டாசியில் விழுகின்றன, இந்த மாதத்தில் என் நோயாளிகளின் உணவுக் குறிப்பையே நான் நம்புவதில்லை, தீபாவளி கழித்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். மரியாதையான, தெளிவான கடிதம். கீழே என் பதில் இருந்தது: “நாட் ரெலவன்ட் லா. புரொசீட்.”

நான்கே சொல்லில் ஒரு மனிதன் தன்னை இவ்வளவு முழுமையாக வெளிப்படுத்த முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்தப் பதிலை எழுதியபோது என்ன நினைத்தேன் என்பதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு மெதடிஸ்ட் அம்மா எனக்குப் புரட்டாசியைப் பற்றிச் சொல்லித் தருவதா என்று நினைத்தேன். வருடத்தில் பதினொரு மாதம் அசைவம் தின்கிற நான், அந்த ஒரு நிமிடம் மட்டும் பெரிய பக்திமான் ஆகிவிட்டேன். கணக்கெடுப்பில் வந்த கிறிஸ்தவ வீடுகளில் எப்போதும் போலக் கோழியும் மீனும் இருந்தன. அதையாவது பார்த்துச் சுதாரித்திருக்கலாம். சைவத்துக்கு மாறும் போக்கில் கிறிஸ்தவத் தமிழர்கள் சற்றுப் பின்தங்கியிருக்கிறார்கள் என்று எழுதிவைத்தேன். அந்த வரிக்கும் அவர் பெயரைச் சேர்த்துத்தான் அனுப்பினேன்.

தப்பு தெரிந்த பிறகாவது நான் யோக்கியமாக நடந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். ஆய்விதழ்களில் தவறைச் சரிசெய்யப் படிப்படியாக வழிகள் இருக்கின்றன. எழுத்துப்பிழை, எண் பிழை போன்ற சில்லறைத் தவறென்றால் திருத்தக் குறிப்பு ஒன்று போடுவார்கள், கட்டுரை பிழைத்துக்கொள்ளும். சந்தேகம் இருந்து முடிவு தெரியவில்லை என்றால், இந்தக் கட்டுரையைப் பற்றி எங்களுக்குக் கவலை இருக்கிறது என்று ஓர் அறிவிப்புப் போடுவார்கள். முடிவே தப்பு என்றால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். திரும்பப் பெறுவதென்றால் கிழித்துப் போடுவதில்லை. கட்டுரை அதே இடத்தில் இருக்கும், ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று சிவப்பில் அடித்திருக்கும். நான் மாணவர்களுக்கு வருடா வருடம் இதைப் பாடமாக நடத்துகிறேன். மறைப்பதுதான் அவமானம், திரும்பப் பெறுவது அவமானமில்லை என்று மேசையைத் தட்டிச் சொல்வேன். என் முறை வந்ததும் நேராகத் திருத்தக் குறிப்புக்குப் போனேன்.

ஆறு வரைவுகள் எழுதினேன். முதல் வரைவில் புரட்டாசி என்ற சொல்லே இல்லை. ‘ஆய்வுக் காலம் ஒரு பண்பாட்டு நிகழ்வுடன் ஓரளவு ஒத்தமைந்திருக்கக்கூடும்’ என்று இருந்தது. ஓரளவு! முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை புரட்டாசிக்குள் உட்கார்ந்துகொண்டு ஓரளவாம். நான்காவது வரைவில் மாதத்தின் பெயர் வந்தது, ஆனால் இதனால் முடிவுகள் மேலும் வலுப்பெறுகின்றன என்று ஒரு வாக்கியமும் கூடவே வந்தது. எப்படி வலுப்பெறும் என்று எனக்கே தெரியாது. என் மனைவி ஆறாவது வரைவைப் படித்துவிட்டு, “இதுல தப்பு பண்ணது யாருங்க?” என்று கேட்டாள். தப்பு தானாகவே நடந்ததுபோல எழுதியிருந்தேன்.

இதழாசிரியர் வெளிநாட்டுக்காரர், புரட்டாசியைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் ஆறாவது வரைவை அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. அந்த மாதத்தை விட்டுவிட்டு வேறு மாதத்தில் எடுத்திருந்தால் இதே முடிவு வந்திருக்குமா என்று ஒரே கேள்வி. கோழிக்கடைக்காரர் கேட்ட அதே கேள்விதான், கொஞ்சம் மரியாதையான மொழியில். நான் பதில் போடவில்லை. வேலை அதிகம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

உள்ளுக்குள் நான் வைத்திருந்த காரணம் வேறு. அந்த அம்மாவின் பட்டத்தைக் காப்பாற்றத்தான் இதையெல்லாம் செய்கிறேன் என்று நம்பினேன். வாய்மொழித் தேர்வு முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். இணைப்பேராசிரியர் பதவி உயர்வுக்கு நான் அனுப்பியிருந்த கோப்பில் இந்தக் கட்டுரைதான் முதல் பக்கத்தில் இருந்தது என்பதும் உண்மை. அதைப் பற்றி அவ்வளவாக யோசிக்கவில்லை என்று சொன்னால் இந்தக் குறிப்பையும் ஒருநாள் திரும்பப் பெற வேண்டிவரும்.

கிள்ளானுக்குப் போய் அவரைப் பார்த்தேன். கடைசி நோயாளியும் போன பிறகு, அவருடைய சிறிய அறையில் பிளாஸ்டிக் சோறு, பிளாஸ்டிக் மீன் எல்லாம் அடுக்கிய மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். காரியம் ஆக வேண்டும் என்றால் நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். மற்ற நாட்களில் மேடம்.

“அக்கா, நம்ம பேப்பர்ல ஒரு சின்னப் பிரச்சனை.”

“புரட்டாசியா சார்?”

நான் தலையாட்டினேன்.

“சின்னது இல்லலா சார் அது.” அவர் இழுப்பறையிலிருந்து ஒரு துண்டறிக்கையை எடுத்து என் முன் வைத்தார். நீரிழிவு நோயாளிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் தமிழ் உணவுக் குறிப்பு. “இதப் பாருங்க. போன மாசம் புதுசா அடிச்சாங்க. கோழி, மீன், முட்டை எவ்வளவு சாப்பிடணும்னு முன்னாடி ஒரு பக்கம் இருந்துச்சு. அத எடுத்துட்டாங்க. தமிழ் பேஷன்ட் எல்லாம் இப்போ சைவம்தானே, எதுக்குன்னு மேலிடத்துல கேட்டாங்க. நம்ம பேப்பரத்தான் காட்டினாங்க.”

என் கட்டுரையை யாராவது படித்து எதற்காவது பயன்படுத்த வேண்டும் என்று பதினெட்டு வருடமாக ஏங்கியவன் நான். கடைசியில் ஒருவர் பயன்படுத்தியது இதை. நேற்றுக்கூட ஒரு நோயாளி, குறிப்பில் மட்டன் இல்லையே, அப்படியென்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமா என்று கேட்டாராம். அவர் அதைச் சிரிக்காமல்தான் சொன்னார்.

“திருத்தக் குறிப்பு ஒண்ணு போட்டுட்டா போதும்க்கா. பேப்பர் நிக்கும், உங்க வைவாவும் நடக்கும். ரிட்ராக்ட் பண்ணா உங்களுக்குத்தான் கஷ்டம். உங்களுக்காகத்தான் பாக்குறேன்.”

“என் பேரச் சொல்லி நீங்க ஒளிஞ்சுக்காதீங்க சார்.” குரலை உயர்த்தவே இல்லை. “வைவா என் பிரச்சனை. நான் பாத்துக்குறேன். இது தப்புன்னு தெரிஞ்சும் சைன் பண்ணேன், அது என் தப்பு. அவசரம், பேப்பர் வேணும்னு பண்ணிட்டேன். வாபஸ் வாங்குங்க.”

கிள்ளானிலிருந்து திரும்பும் வழி முழுக்க அவர்மேல் கோபமாக இருந்தது. உதவி செய்யப் போனால் இப்படிப் பேசுகிறாரே என்று ஸ்டியரிங்கோடு சண்டை போட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் கோபம் வற்றிவிட்டது, ஏனென்றால் அவர் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. மறுநாள் காலை இதழாசிரியருக்கு எழுதினேன். இல்லை, வேறு மாதமென்றால் இந்த முடிவு வந்திருக்காது, கட்டுரையைத் திரும்பப் பெற விரும்புகிறோம்.

சேர்த்துக்கொள்ளச் சொன்னபோது வாரத்துக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பிய ஆய்விதழ், எடுத்துவிடச் சொன்னபோது நான்கு மாதம் வாயே திறக்கவில்லை. எத்தனையோ படிவங்கள். வேண்டுமென்றே செய்ததா, கவனக்குறைவா என்று ஒரு படிவம் கேட்டது. தேர்ந்தெடுக்கக் கொடுத்திருந்த காரணங்களில் அகம்பாவம் இல்லை, அதனால் கவனக்குறைவைத் தேர்ந்தெடுத்தேன். இதற்கிடையில் வாய்மொழித் தேர்வைத் தள்ளிவைக்கும்படி அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். திரும்பப் பெறப்போகும் கட்டுரையைக் காட்டித் தேர்வுக்கு உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஒரு வழியாகத் திரும்பப் பெறும் அறிவிப்பின் வரைவு வந்தது. நான்கே வரி. கணக்கெடுப்பு நடந்த மாதத்தின் சமய முக்கியத்துவத்தை ஆசிரியர்கள் கவனிக்கத் தவறிவிட்டனர், இருவரும் இதற்கு உடன்படுகின்றனர். படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. ‘ஆசிரியர்கள்’ என்ற பன்மை எவ்வளவு இதமான சொல்! அதிலேயே பாதி அவமானம் அடுத்தவர் தலைக்குப் போய்விடுகிறது. ஐந்து நிமிடத்தில் சம்மதம் கொடுத்தேன். அவர் கொடுக்கவில்லை. இரண்டு நாள் பொறுத்து நானே அழைத்தேன்.

“சைன் பண்ணிடுங்கக்கா. முடிஞ்சிடும்.”

“கவனிக்கத் தவறிட்டாங்கன்னு போட்டிருக்கு சார். நான் தவறல. தெரிஞ்சுதான் சைன் பண்ணேன்னு போடுங்க, ஒத்துக்குறேன். கவனிக்கலைன்னு போட்டா அது பொய். பொய்ய வாபஸ் வாங்க இன்னொரு பொய்யா?”

“நீங்க சம்மதிக்கலன்னா, இரண்டாவது ஆசிரியர் உடன்படலன்னு போடுவாங்க. படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க? தப்ப ஒத்துக்காதவங்க நீங்கதான்னு நினைப்பாங்க.”

“நினைக்கட்டும் சார். நான் பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரியும்.”

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். பிடிவாதக்காரி என்று மனைவியிடம் புலம்பினேன். “அவங்க எழுதின மெயில எனக்குக் காட்டுங்க” என்றாள். காட்டினேன். என் நான்கு சொல் பதிலையும் படித்தாள். கைப்பேசியை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். இருபத்தோரு வருடத்தில் அவள் வாதாடாமல் போன சண்டை அது ஒன்றுதான். அசிங்கமாக இருந்தது எனக்கு.

அந்த இரண்டு மின்னஞ்சல்களையும் அப்படியே இதழாசிரியருக்கு அனுப்பினேன். யார்மேல் குற்றம் என்று அறிவிப்பில் பிரித்துச் சொல்வது வழக்கமில்லை என்று பதில் வந்தது. தொடர்புக்குரிய ஆசிரியர் என்ற முறையில் நானே எழுத்தில் கேட்டுக்கொண்டால் பரிசீலிப்பார்களாம். கேட்டுக்கொண்டேன். ‘லா’ என்றால் என்ன என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். இங்கே எல்லாப் பேச்சின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும் அந்த அர்த்தமில்லாத ஓரெழுத்தை விளக்கிப் பாதிப் பக்கம் எழுதினேன். என் பதினெட்டு வருட எழுத்தில் அந்தப் பாதிப் பக்கத்தில்தான் பிழை எதுவும் இல்லை என்று நினைக்கிறேன்.

அறிவிப்பு வெளியானது. கணக்கெடுப்புக்கு முன்பே இரண்டாம் ஆசிரியர் இந்த மாதத்தைப் பற்றி எழுத்தில் எச்சரித்தார், முதல் ஆசிரியர் அதைப் பொருட்படுத்தவில்லை, தவறு தெரிந்தும் இரண்டாம் ஆசிரியர் கட்டுரைக்கு ஒப்புதல் அளித்தார் என்று மூன்று வாக்கியங்களில் இருந்தது. என் கட்டுரையைப் படிக்க வேண்டுமென்றால் சந்தா கட்ட வேண்டும். அறிவிப்பை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம், அதுதான் ஆய்விதழ்களின் வழக்கம். நான் எழுதிய மொத்தக் கட்டுரைகளையும் படித்தவர்களைவிட அதிகம் பேர் ஒரே வாரத்தில் அதைப் படித்தார்கள். மனைவிக்கு நன்றி சொன்ன கடைசிப் பக்கத்தின் குறுக்கேயும் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று சிவப்பில் விழுந்திருந்தது. அதை அவளிடம் காட்டவில்லை. துறைத் தலைவர் என் பதவி உயர்வுக் கோப்பைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். கிளினிக்கில் பழைய துண்டறிக்கை திரும்ப வந்தது. இதற்குப் பிறகும் எங்கோ ஒருவர் தன் கட்டுரையில் எங்கள் ஆய்வை மேற்கோள் காட்டி, தமிழர்கள் சைவத்துக்கு மாறிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். திரும்பப் பெற்ற கட்டுரை அவ்வளவு சுலபமாக வீடு திரும்புவதில்லை.

அவருடைய பட்டத்துக்காக மேற்படிப்பு அலுவலகத்துக்குப் போனேன். எச்சரித்தவரைத் தண்டிக்கலாமா என்று கேட்டேன். அங்கிருந்த மலாய் அதிகாரி அறிவிப்பை முழுக்கப் படித்தார். என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. “டாக்டர், பேப்பர் டா தாரிக் பாலிக். தாக் போலே கிரா லா” என்றார். கட்டுரையைத் திரும்ப எடுத்தாயிற்று, இனி அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. புதிதாக ஒரு கட்டுரை வேண்டும். அதாவது புதிதாக ஒரு கணக்கெடுப்பு, மறுபடியும் மூன்று நிபுணர்கள், குறைந்தது இன்னும் இரண்டு வருடம்.

அடுத்த வாரம் அவர் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். நான் புதிய கணக்கெடுப்புக்கு ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தேன். எந்த மாதத்தில் வைக்கலாம் என்று நாட்காட்டியோடு உட்கார்ந்து அலசியிருந்தேன். ஆடியில் அம்மனுக்கு விரதம், கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை, தையில் தைப்பூசம், கத்தோலிக்க வீடுகளுக்குத் தவக்காலம். தமிழன் ஒழுங்காகச் சாப்பிடுகிற மாதத்தைக் கண்டுபிடிப்பதே தனி ஆராய்ச்சியாக இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் தேதிகளை எழுதிய காகிதத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, அதன்மேல் வேறொரு காகிதத்தை வைத்தார். மேற்பார்வையாளரை மாற்றிக்கொள்வதற்கான படிவம்.

புது மேற்பார்வையாளர் வேறு துறைக்காரர், ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். எல்லாக் கட்டங்களும் நிரப்பியிருந்தன, ‘காரணம்’ என்ற கட்டத்தைத் தவிர.

“இத மட்டும் நீங்க எழுதுங்க சார். நான் எழுதினா கம்ப்ளெயின்ட் மாதிரி இருக்கும்.”

“அக்கா, இரண்டு வருசம்தான். நானே கூட இருந்து முடிச்சுக் குடுக்குறேன்.”

“எனக்கு அம்பத்தி ஆறு வயசு சார். இன்னொரு தடவை தப்பாப் போனா எனக்கு டைம் இல்ல. நான் ஒண்ணு சொன்னா கேக்குற ஆள் வேணும்.”

இப்படிப்பட்ட படிவங்களில் வேலைப்பளு, துறை மாற்றம் என்றெல்லாம் எழுதுவது வழக்கம். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவற்றையெல்லாம் யோசித்தேன். கடைசியில், மாணவி சரியாகச் சொன்னார், நான் கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நல்ல மாணவர் ஒருவர் போகிறார் என்பதைவிட, அவர் போவது சரி என்று எனக்கே தோன்றியதுதான் வலித்தது.

அவர் படிவத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

“தேதி தப்பா போட்டிருக்கீங்க சார். இன்னிக்குப் பதினாலு.”

நான் பதின்மூன்று என்று போட்டிருந்தேன். அதை அடித்துத் திருத்தி, பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் “தேங்க் யூ சார்” என்று சொல்லி, அலுவலகம் மூடுவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று வேகமாகக் கிளம்பிப் போனார். ஆறு வருடத்தில் அவர் சொன்னதை நான் உடனே கேட்டது அதுதான் முதல் தடவை. இனி என்னிடம் சொல்ல அவர் வர மாட்டார்.